ஈரம் நாடும் குதிரைவால்

நம் இல்லங்கள் பலவற்றின் கொல்லைப்புறத்தில் ஓர் இடம் உண்டு. அது கிணற்றடியாக இருக்கலாம், குழாயடியாக இருக்கலாம், மதிற்சுவரின் நிழல் விழும் மூலையாகவும் இருக்கலாம். ஆண்டு முழுவதும் அங்கே மண் காய்வதில்லை. ரோசாவை நட்டால் வேர் அழுகிவிடுகிறது. மல்லிகையை நட்டால் இலை பழுத்து உதிர்கிறது. கல்வாழையும் சேம்பும் வைத்துச் சலித்துப்போனவர்கள், "சாமி, இந்த ஈரத்தில் வேறு என்னதான் வளரும்?" என்று நம்மிடம் கேட்பதுண்டு. தோட்ட வேலையில் நமக்குள்ள ஈடுபாட்டை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி இது.

அவர்களுக்கு விடையாகச் சொல்லத்தக்க செடி ஒன்று நம் மலைகளிலேயே இருக்கிறது. பூவாது, காயாது, இலை என்று சொல்லத்தக்க இலையும் அதற்கு இல்லை. ஆயினும் கண்டவர் கண்ணை விட்டு அகலாத அழகு அதற்கு உண்டு. குதிரைவால் என்பது அதன் பெயர். அதனை வளர்க்கும் முறையை இங்கே எழுத முற்படுகின்றோம். அதனோடு, அச்செடியை வளர்த்ததில் நாம் செய்த பெரும் பிழை ஒன்றனையும் மறைக்காமல் எழுதுகின்றோம். முன்னதைவிடப் பின்னதே வாசகர்களுக்கு மிகுதியும் பயன்படும் என்பது நமது எண்ணம்.

பெயரால் வரும் மயக்கம்

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். குதிரைவால் என்றவுடன் சிலர் குதிரைவாலி அரிசியை நினைத்துக் கொள்வர். குதிரைவாலி என்பது சிறுதானியங்களுள் ஒன்று, புல்லினத்தைச் சேர்ந்தது, சோறாக்கி உண்ணத்தக்கது. நாம் கூறும் குதிரைவாலோ புல்லும் அன்று, தானியமும் அன்று. பெரணிகளுக்கு உறவான, விதையில்லாத் தாவரம் அது. இரண்டுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் எக்விசீட்டம். இலத்தீன் மொழியில் குதிரையைக் குறிக்கும் சொல்லும், முரட்டு மயிரைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து உருவானது அப்பெயர். ஆகவே குதிரைவால் என்னும் தமிழ்ப் பெயர் மிகவும் பொருத்தமானதே.

கடற்கரையில் வாழும் நம் மக்கள் இச்செடியைக் காணாதிருந்தாலும் இதன் சாயலைக் கண்டிருக்கின்றனர். சவுக்குத் தோப்பில் விழுந்து கிடக்கும் ஊசி போன்ற பச்சைக் குச்சியைக் கையில் எடுத்து, கணுக் கணுவாகக் கழற்றி விளையாடாத சிறுவர் உண்டோ? சவுக்கு மரத்தின் தாவரவியற் பெயர் காசுவரினா எக்விசீட்டிஃபோலியா. 'குதிரைவால் போன்ற இலையுடையது' என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். சவுக்கு பூத்துக் காய்த்து விதை தரும் மரம், குதிரைவால் அவ்வாறன்று. உறவு ஏதும் இல்லாத இரண்டு குடும்பங்களில் முகச்சாயல் மட்டும் ஒத்திருப்பதைப் போன்றது இது.

மலையோடையின் குடி

உலகில் ஏறத்தாழ 18 வகைக் குதிரைவால்கள் உள்ளன. அவற்றுள் நம் நாட்டுக்கு உரியது எக்விசீட்டம் ராமோசிசிமம் எனப்படும் வகையின் ஒரு கிளை. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பரோ இதற்கு 'டெபிலே' என்று பெயரிட்டார். மெலிந்தது, வலுவற்றது என்பது அச்சொல்லின் பொருள். அப்பெயர் எவ்வளவு பொருந்தாதது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வட இந்தியாவில் ஆற்றோர மணலில் இது மிகுதியாக வளர்கிறது. நம் பக்கத்தில் நீலகிரி, பழனி மலைகளின் ஓடைக் கரைகளிலும், ஊற்றுநீர் கசியும் பாறையோரங்களிலும் காணலாம். தண்டு பென்சிலைவிட மெலிந்தது. உள்ளே குழலாக இருக்கும். சாம்பல் கலந்த பச்சை நிறம் உடையது. மூங்கிலைப் போலக் கணுக்கள் உண்டு. ஒவ்வொரு கணுவையும் சிறு உறை ஒன்று மோதிரம் போலச் சுற்றி நிற்கும். அவ்வுறையின் விளிம்பில் உள்ள பற்களே இச்செடியின் இலைகள். உணவு தயாரிக்கும் வேலையைப் பச்சைத் தண்டே செய்து கொள்கிறது. ஓரடி முதல் மூன்றடி வரை வளரும். பக்கத்துப் புதர்மீது சாய இடம் கிடைத்தால் இன்னும் உயரும்.

பழனி மலையின் செடிகொடிகளை நாம் இன்று பெயர் சொல்லி அறிவதற்குக் குருக்கள் சிலரின் உழைப்பும் காரணம் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். செண்பகனூரில் இருந்த இயேசு சபைக் குரு லூயி ஆங்லாட் அவர்கள் இம்மலையின் தாவரங்களைத் திரட்டிப் படமாகவும் வரைந்து வைத்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவர உலர்காப்பகத்தை அமைத்த கே. எம். மாத்யூ அவர்கள் பழனி மலையின் பூக்கும் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டார். பூவாத இனமாகிய பெரணிகளையும் அவற்றின் உறவினங்களையும் பாளையங்கோட்டையைச் சேர்ந்த வி. எஸ். மாணிக்கம் அடிகளார் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். இவ்விருவரும் இயேசு சபையினரே.

தொன்மையான குலம்

குதிரைவாலின் குலப்பெருமை மிக நீண்டது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், பூவென்பதே உலகில் தோன்றாத காலத்தில், சதுப்பு நிலக் காடுகளில் இதன் முன்னோர் பெருமரங்களாக நின்றனர். கலமைட்டிஸ் என்று ஆய்வாளர் குறிப்பிடும் அம்மரங்கள் 20 மீட்டருக்கும் மேல் வளர்ந்தன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெட்டி எடுக்கப்பட்ட நிலக்கரியில் ஒரு பகுதி அக்காடுகள் புதைந்து இறுகியதே. நம் நாட்டின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையிலும் இக்குலத்தின் பழைய உறவினமாகிய ஸ்கிசோநியூராவின் கல்லுருக்கள் கிடைத்துள்ளன. நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரி இவற்றிற்கு மிகவும் பிற்பட்ட காலத்தது. அதில் இக்கதை இல்லை.

அந்தப் பெருமரங்கள் யாவும் மறைந்தன. இக்குலத்தில் இன்று எஞ்சியிருப்பது எக்விசீட்டம் என்னும் ஒரே பேரினந்தான். பெரியவை அழிந்து சிறியது பிழைத்ததற்குக் காரணம் யாது? மண்ணுக்கு மேலே தெரிவது இச்செடியின் ஒரு பகுதியே. மண்ணுக்குள்ளே கிடைமட்டமாக ஓடும் தண்டு மற்றொரு பகுதி. மட்டநிலத்தண்டு என்று அதனைப் பள்ளி நூல்களில் படித்திருப்பீர்கள். மேலே தீ எரிந்தாலும், வெள்ளம் மணலைக் கொட்டினாலும், வெயில் காய்ந்தாலும் கீழே உள்ளது சாவதில்லை. 1980-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் செயிண்ட் எலன்ஸ் எரிமலை வெடித்துச் சுற்றுப்புறத்தைச் சாம்பலால் மூடியபோது, அச்சாம்பலைத் துளைத்துக் கொண்டு வெளிவந்த செடிகளுள் குதிரைவாலும் ஒன்று. 'வலுவற்றது' என்று பெயர் பெற்ற இனத்தின் வலிமை இத்தகையது.

இந்த வலிமைதான் நமக்குப் பாடம் கற்பித்தது.

நாம் செய்த பிழை

2012-ஆம் ஆண்டில் நாம் ஒரு மலைப்பங்கில் பணியாற்றி வந்தோம். அறிமுகமான ஒரு குடும்பத்தாரின் காப்பித் தோட்டத்து ஓடைக்கரையில் குதிரைவால் செழித்திருந்தது. அவர்கள் இசைவோடு கைப்பிடியளவு கிழங்குத் தண்டைக் கொண்டுவந்து, பங்கு இல்லத்தின் குழாயடியில், வெறும் தரையில் நட்டோம். "நம் நாட்டுச் செடிதானே, இதனால் என்ன தீங்கு வரும்?" என்பதே அன்று நம் நினைப்பு.

முதலாண்டில் பத்துப் பன்னிரண்டு தண்டுகள் எழுந்தன. இரண்டாமாண்டில் குழாயடி முழுவதும் பச்சை வேலி கட்டியது போல் ஆயிற்று. வந்தவர்கள் எல்லாரும் பார்த்து வியந்தனர். பள்ளிப் பிள்ளைகள் கணுக்களைக் கழற்றி மீண்டும் பொருத்தி விளையாடினர். நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நம் மதிலுக்கு அப்பால், நான்கடி தாழ்ந்த படிக்கட்டு நிலத்தில், முதியவளான ஒரு கைம்பெண் பூண்டும் கீரையும் பயிரிட்டு வந்தாள். அந்தச் சிறு நிலமே அவளுக்குச் சோறு. மதில் என்பது கல்லை அடுக்கிய சுவர். அடியில் பூச்சு இல்லை. நம் குழாயடியின் ஈரம் அவள் நிலத்தில் கசிவது வழக்கம். ஈரம் சென்ற வழியே குதிரைவாலும் சென்றது. சுவருக்கு அடியில் நுழைந்து அவளுடைய பூண்டுப் பாத்தியில் தலைகாட்டியது. அவள் களைக்கொத்தால் வெட்டினாள். வெட்டுண்ட துண்டு ஒவ்வொன்றும் ஒரு செடியாயிற்று. 2015-ஆம் ஆண்டில் அவளுடைய பாத்திகளில் பாதி பூண்டு, பாதி குதிரைவால் என்னும் நிலை வந்தது. அந்தப் போகத்தில் விளைச்சல் பாதியாகக் குறைந்தது.

இவை எவையும் நமக்குத் தெரியாது. உபதேசியார்தாம் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். உடனே சென்று பார்த்தோம். வெட்கத்தால் நம் தலை குனிந்தது. "ஏனம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டோம். அவள் சொன்ன மறுமொழி இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது.

"சாமி வீட்டுச் செடின்னு தெரியும் சாமி. அதைப் போயி எப்படிக் குத்தம் சொல்றது?"

நம் மேலிருந்த மரியாதையே அவள் வாயைக் கட்டிவிட்டது. நாம் பெருமையோடு வளர்த்த செடி, வாய்திறந்து கேட்க முடியாத ஓர் ஏழையின் நிலத்தைத் தின்றுகொண்டிருந்தது. அவள் கேட்டிருந்தால் முதலாண்டிலேயே தடுத்திருக்கலாம். ஆனால், கேட்கும் பொறுப்பு அவளுடையதன்று. சுவருக்கு அப்பால் எட்டிப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

மீட்ட கதை

பிழையைத் திருத்துவதிலும் முதலில் பிழையே செய்தோம். மறு வாரமே இளைஞர் சிலரைக் கூட்டி வந்து மண்வெட்டியால் அந்நிலத்தைக் கொத்திக் கிளறினோம். ஒரே மாதத்தில் முன்னைவிட இரு மடங்கு முளைகள் எழுந்தன. பிறகுதான், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் காரணத்தை விளக்கினார். குதிரைவாலின் நிலத்தண்டு எளிதில் கணுவில் ஒடியும். ஒடிந்த துண்டில் ஒரு கணு இருந்தாலே அது முளைக்கும். ஆழத்தில் தங்கிய பகுதி மேலே நடப்பதைப் பொருட்படுத்தாது. ஐரோப்பாவில் வயற்களையாக உள்ள குதிரைவால் ஐந்தடிக்குக் கீழேயும் நிலத்தண்டை ஓடவிடும் என்றும், களைக்கொல்லி மருந்துகளுக்கும் எளிதில் அடங்காது என்றும் அவர் கூறினார். நியூசிலாந்தில் குதிரைவால் இனங்களை விற்பதும் பரப்புவதும் தடை செய்யப்பட்டுள்ளன என்பதை அவர் வாயிலாகவே அறிந்தோம்.

அவர் சொன்ன வழி பொறுமையின் வழி. முதலாவது, ஈரத்தை நிறுத்துதல். குழாயடிக்குச் சிமெண்டுத் தளமும் வடிகாலும் அமைத்து, கசிவு கீழ்நிலத்திற்குச் செல்லாமல் செய்தோம். இரண்டாவது, நம் பக்கத்துச் செடி முழுவதையும் நீக்கி, சுவரை ஒட்டி மூன்றடி ஆழத்திற்குப் பள்ளம் தோண்டித் தடுப்புச் சுவர் எழுப்பினோம். மூன்றாவது, அவள் நிலத்தில் கொத்தாமல், கிளறாமல், முளைத்த தண்டை வாரந்தோறும் தரைமட்டத்தில் அறுத்து எடுத்தோம். பச்சைத் தண்டுதான் கீழே உள்ளதற்குச் சோறு ஊட்டுகிறது. ஊட்டும் கையை ஓயாமல் விலக்கினால் கீழே உள்ளது மெல்ல மெல்ல மெலியும். மிகுதியாக முளைத்த பாத்திகளைக் கறுப்புப் பாயால் மூடி வைத்தோம்.

ஒரு வாரம் தவறினாலும் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால், மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகள் அரிவாளோடு அங்கே செல்வதை வழக்கமாக்கினோம். மூன்று ஆண்டுகள் சென்றன. 2018-ஆம் ஆண்டில்தான் அந்நிலம் முழுவதும் பூண்டாயிற்று. அவளுக்கு நேர்ந்த இழப்பிற்குப் பணம் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டாள். விதைப்பூண்டாகக் கொடுத்தபோது வாங்கிக் கொண்டாள். மறு ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டியபோது அவள் முகத்தில் தோன்றிய சிரிப்பை நாம் மறக்கவில்லை.

வளர்க்கும் முறை

அப்படியானால் குதிரைவாலை வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம். ஆனால், தரையில் அன்று; தொட்டியில். இதனை முதல் விதியாகவும் இறுதி விதியாகவும் கொள்க.

தொட்டி: அடியில் துளையில்லாத சிமெண்டுத் தொட்டியோ, பழைய அண்டாவோ போதும். ஒன்றரை அடி ஆழமும் இரண்டடி அகலமும் இருத்தல் நலம். விரிசல் உள்ளதைத் தவிர்க்கவும். தொட்டியை மண்மீது வைக்காமல், தளத்தின் மீதோ செங்கல்லின் மீதோ வைத்தால், தண்டு எங்கேனும் வெளியே வருகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

மண்: தோட்டத்து மண் இரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மட்கிய இலையுரம் சிறிதளவு. மிகுந்த எரு வேண்டுவதில்லை. விளிம்பிற்கு நான்கு விரற்கடை கீழே மண் நிற்க வேண்டும். அப்போதுதான் தண்டு விளிம்பைத் தாண்டி வெளியே ஓடாது.

நடுதல்: இரண்டு மூன்று கணுக்கள் உள்ள நிலத்தண்டுத் துண்டுகளைப் படுக்கை வசமாக வைத்து, இரண்டு விரற்கடை மண்ணால் மூடுக. மலைப்பகுதியில் ஆனித் தூறலும், சமவெளியில் ஐப்பசி மழையும் ஏற்ற காலம். முளை வரச் சில வாரங்கள் ஆகலாம்; அதற்குள் தோண்டிப் பார்க்க வேண்டாம்.

நீர்: மண் எப்போதும் சேறு போல் நனைந்திருக்க வேண்டும். ஆனால், மண்ணின் மேல் நீர் தேங்கி நிற்கலாகாது. தேங்கிய நீர் கொசுவுக்குத் தொட்டில். டெங்கு பரப்பும் கொசு நம் வீட்டுத் தொட்டியில்தான் பிறக்கிறது. மழைக்காலத்தில் மிகுந்த நீரை வடிக்க, மண்மட்டத்தில் தொட்டியின் பக்கவாட்டில் சிறு துளை ஒன்று இருப்பது நன்று. அத்துளைக்கு வலைத்துணி கட்டி வைக்கவும்.

வெயில்: மலையில் முழு வெயிலையும் தாங்கும். சமவெளியில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் ஏற்றது. சித்திரை, வைகாசியில் ஒருநாள் நீர் தவறினாலும் நுனி கருகும். ஆயினும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

பராமரிப்பு: பழுத்த தண்டுகளை அடியோடு அறுத்துவிட்டால் புதியவை நேராக எழும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்து, பாதியை மட்டும் திரும்ப நடலாம். எஞ்சியதைக் குப்பைக்குழியிலோ, சாக்கடையிலோ, வாய்க்காலிலோ எறிய வேண்டாம். நீரோடு செல்லும் ஒரு துண்டு பிறர் வயலில் கரையேறும். வெயிலில் மொரமொரவென்று காய்ந்த பின் எரித்துவிடுவதே முறை.

செடியை எங்கே பெறுவது? காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி பறிப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மேலும், ஊற்றுக்கண்களும் ஓடைக் கரைகளும் சுருங்கிவரும் இக்காலத்தில், அங்கே நிற்பதை அங்கேயே விட்டு வைப்பதுதான் நேர்மை. முன்னமே தொட்டியில் வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். நாற்றுப் பண்ணைகளில் குதிரைவால் என்று விற்பது பெரும்பாலும் கிளையில்லாத வெளிநாட்டு வகையாக இருக்கலாம்; நம் மலைக்குரியதுதானா என்று கேட்டறிந்து வாங்குக.

பிள்ளைகளுக்கு ஒரு காட்சி

தொட்டியில் ஒரு குதிரைவால் இருந்தால், பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஓர் ஆய்வுக்கூடம்.

தண்டின் நுனியில் சில வேளை சிறு கதிர் ஒன்று தோன்றும். அது முதிர்ந்தபின் வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் பசிய தூள் உதிரும். விதைக்கு மாற்றாக இச்செடி உண்டாக்கும் ஸ்போர்கள் அவை. ஒவ்வொரு துகளிலும் நாடா போன்ற நான்கு கைகள் உண்டு. உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே மெல்ல மூச்சை ஊதுங்கள். ஈரம் பட்டதும் நான்கு கைகளும் சுருண்டு உடலைத் தழுவிக் கொள்ளும். மூச்சு நின்று உலர்ந்ததும் விரியும். அவ்வாறு சுருண்டு விரிவதாலேயே இத்துகள்கள் தரையில் நடக்கவும், துள்ளிக் குதித்துக் காற்றில் ஏறவும் செய்கின்றன என்று 2013-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் படம் பிடித்துக் காட்டினர்.

மற்றொன்று. தண்டை விரலால் நீளவாக்கில் உரசிப் பாருங்கள்; அரம் போல் இருக்கும். மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இச்செடி தன் மேற்றோலில் சேர்த்து வைப்பதே காரணம். நெல் உமியின் சுரசுரப்புக்கும் அதே சிலிக்காதான் காரணம். நம் பாட்டிமார் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கியது போல, ஐரோப்பியப் பெண்கள் குதிரைவால் கற்றையால் ஈயப் பாத்திரங்களைத் துலக்கினர். செர்மானியர் இதனை 'ஈயப் பூண்டு' என்னும் பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றனர். சப்பானியத் தச்சர் மரத்தை மெருகிடவும், குழலிசைக் கலைஞர் தம் கருவியின் நாணற்சீவலைத் தேய்த்துச் சீராக்கவும் இதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

ஓர் எச்சரிக்கை

பச்சைப் பசேலென்று இருப்பதால் மாட்டுக்குப் போடலாமா என்று சிலர் கேட்டனர். கூடாது. குதிரைவாலில் தயமினேஸ் என்னும் பொருள் உள்ளது. அது உடலில் உள்ள பி-1 வைட்டமினை அழிக்கும். வைக்கோலோடு கலந்த குதிரைவாலைத் தொடர்ந்து தின்ற குதிரைகள் தள்ளாடி விழுந்து இறந்ததைக் கால்நடை மருத்துவர்கள் குறித்து வைத்துள்ளனர். ஐரோப்பியச் சதுப்பு நிலங்களில் வளரும் மற்றொரு வகை, கறவை மாடுகளுக்கும் நஞ்சாகும்.

மக்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். தலைமுடி வளரும், எலும்பு வலுப்பெறும் என்று விளம்பரம் செய்து குதிரைவால் பொடியை இன்று கடைகளில் விற்கின்றனர். வேறு நாட்டு வகை ஒன்று அங்குள்ள கைவைத்தியத்தில் இடம்பெற்றிருப்பது உண்மை. அதை எண்ணி நம் தொட்டிச் செடியைக் கொதிக்க வைத்துக் குடிக்க முற்படாதீர்கள். கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் இதனை அறவே நெருங்க வேண்டாம். மருந்து வேண்டுவோர் மருத்துவரிடம் செல்க. கண்ணுக்கு விருந்து வேண்டுவோர் தொட்டியைப் பார்த்து மகிழ்க.

முடிவாக

நம் நாட்டுச் செடி என்பதனாலேயே ஒரு செடி தீங்கற்றதாகிவிடாது. ஓடைக் கரையில் அதற்கு எல்லை உண்டு. வெள்ளமும் பாறையும் காய்ந்த நிலமும் அதனை அங்கே தடுத்து நிறுத்துகின்றன. அவ்விடத்திலிருந்து பெயர்த்து நம் வீட்டுக்குக் கொண்டு வரும்போது, அந்த எல்லையையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டியது நம் கடமை. நாம் விரும்பி வளர்க்கும் எதற்கும், நாய்க்கும் கோழிக்கும் வேப்பமரத்து வேருக்கும், இதுவே நியாயம். அயலார் வந்து முறையிடட்டும் என்று காத்திராமல், வாரம் ஒருமுறையேனும் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்ப்போமாக.

மாற்றலாகி அப்பங்கை விட்டுப் புறப்பட்ட நாளில் விடைபெறுவதற்காக அம்மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றோம். வாசலில், நெளிந்துபோன பழைய அலுமினிய அண்டா ஒன்றில், பத்துப் பதினைந்து குதிரைவால் தண்டுகள் நிமிர்ந்து நின்றன. வியந்து போனோம். "இவ்வளவு பாடுபடுத்தியதையா அம்மா வளர்க்கிறாய்?" என்றோம்.

அவள் சிரித்தாள். "பேரப்பிள்ளைக கழட்டிக் கழட்டி மாட்டி வெளையாடுதுக சாமி. மாடு வயல்ல மேயுதுன்னு மாடே வேணாம்னா சொல்றோம்? கட்டிப் போட்டு வளக்க வேண்டியதுதானே!"